பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் கணக்கு, பிறகு இன்ஜின்

கோலா பிலா வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்கள் இன்று சிறுதோட்டக்காரர்களாகவோ, குலை ஏற்றும் குத்தகைக்காரர்களாகவோ இருக்கின்றன. ஜுவாசே, ஜொகூல், செனாலிங் பக்கம் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களின் பேச்சில் அடிக்கடி வருவது, "ஒரு பழைய டிராக்டர் மட்டும் இருந்தால்..." என்பதுதான். தோட்டத்தில் இருபது, முப்பது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டியவருக்கு, ஓய்வுக்குப் பிறகு அந்த இயந்திரம் ஒன்று சொந்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. இபிஎப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வாங்கிவிடுகிறவர்களும் உண்டு.

அப்படி வாங்கிய வண்டி மூன்றாம் மாதமே கொட்டகையில் நின்றுவிட்டால் போவது சேமிப்புப் பணம் மட்டுமல்ல. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதமாக ஆக எண்ணெயில் அமிலம் கூடும், தரம் இறங்கும், விலையிலும் கழிப்பார்கள். வண்டி நின்றால் அறுவடையும் நிற்கும். எனவே பழைய டிராக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதல் கேள்வி: டிராக்டர் தேவைதானா?

நம் நாட்டில் செம்பனை விளைச்சல் ஓர் எக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 16 டன். ஐந்து ஏக்கர் என்பது ஏறக்குறைய இரண்டு எக்டர். அப்படியானால் ஆண்டுக்கு 32 டன், மாதத்துக்கு இரண்டே முக்கால் டன்னுக்கும் குறைவு. மாதம் இரண்டு சுற்று வெட்டினால், ஒரு சுற்றுக்கு ஒன்றரை டன்கூட இல்லை. இதற்கு ஒரு டிராக்டர் வாங்குவது வீண். தள்ளுவண்டியும், பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாடகைக்கு எடுக்கும் வண்டியும் போதும்.

நாற்பது ஏக்கருக்குக் குலை ஏற்றும் குத்தகை கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே மாதம் 21 முதல் 22 டன் வரும். டன்னுக்கு 40 ரிங்கிட் ஏற்றுகூலி என்று ஒரு மாதிரிக் கணக்குக்கு எடுத்தால் மாத வரவு 864 ரிங்கிட். ஒரு நடைக்கு ஒன்றரை டன் என்றால் 15 நடை. நடைக்கு ஒன்றரை மணி நேரம், மணிக்கு நான்கு லிட்டர் டீசல் என்றால் 90 லிட்டர் அளவு ஆகும். லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 காசு கணக்கில் சுமார் 300 ரிங்கிட் டீசலுக்கே போய்விடும். ஆயில், டயர் தேய்மானம், காப்புறுதி எல்லாம் சேர்த்து 150 ரிங்கிட் ஒதுக்குங்கள். 20,000 ரிங்கிட்டுக்கு வண்டி வாங்கி ஐந்து ஆண்டுக் கடனாகக் கட்டினால், வட்டியோடு மாதம் 400 ரிங்கிட் வரும்.

மிச்சம் எவ்வளவு? பதினைந்து ரிங்கிட் அளவுதான்! ஓட்டுபவரின் கூலி இன்னும் கணக்கில் வரவே இல்லை.

அதே வண்டிக்கு எண்பது ஏக்கர் வேலை இருந்தால் கதை மாறும். வரவு 1,728 ரிங்கிட். டீசல் 600, பராமரிப்பு 250, கடன் 400 போக, கிட்டத்தட்ட 480 ரிங்கிட் கையில் நிற்கும். வண்டியின் பின்னால் ஸ்லாஷர் மாட்டிப் புல் வெட்டினாலோ, உரம் ஏற்றிக் கொடுத்தாலோ இன்னும் கொஞ்சம் கூடும். இவை மாதிரி எண்கள்தான். உங்கள் ஊர்க் கூலி வேறாக இருக்கலாம், நிலம் மேடாக இருந்தால் டீசலும் கூடும். உங்கள் எண்களைப் போட்டு ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்த பிறகே வண்டியைப் பார்க்கப் போக வேண்டும். ஏக்கர் போதாது என்று கணக்கு காட்டினால், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அண்ணன் தம்பிக்குள்ளேயே ஆனாலும், யார் ஓட்டுவது, பழுதுக்கு யார் பணம் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது உறவுக்கும் நல்லது.

டீசல் விலையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் உதவித்தொகை மாற்றி அமைக்கப்பட்டபோது, லிட்டர் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியது. அதன் பிறகு விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. தகுதியுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கு புடி மடானி திட்டத்தின் கீழ் மாதம் 200 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. டீசலை அதிகம் குடிக்கும் பழைய இன்ஜின் முன்பு ஒரு சின்னத் தொந்தரவாக இருந்தது. இப்போது அது மாதாமாதம் பையைக் கடிக்கும்.

எந்த வண்டி?

இந்த நாட்டுத் தோட்டங்களில் டிராக்டர் என்றால் பெரியவர்கள் நினைவுக்கு முதலில் வருவது சிவப்பு மேசி பெர்குசன்தான். இதன் மூலவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். டிராக்டரின் பின்னால் மூன்று முனைகளில் கருவியை மாட்டி ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும் முறையை உலகெங்கும் பரவச் செய்தவர் அவர். இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரை எடுத்தாலும் பின்புறம் அந்த மூன்று முனை இணைப்பு இருக்கும். 1953இல் அவருடைய நிறுவனம் கனடாவின் மேசி ஹாரிஸுடன் இணைந்தது.

அதில் மிகவும் பேர் வாங்கியது மேசி 135. இங்கிலாந்தின் கவன்ட்ரி ஆலையில் 1964 முதல் 1975 வரை தயாரானது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின், 45 குதிரைத்திறன் அளவு. அரை நூற்றாண்டு தாண்டியும் அது ஓடுவதற்குக் காரணம் அமைப்பு எளிமை. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சர் கிடையாது. ஊர்ப் போமன் சாவிப்பெட்டியோடு வந்து மரத்தடியிலேயே பிரித்துப் பார்க்க முடியும்.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1960இல் சென்னையில் மேசி பெர்குசன் கூட்டோடு தொடங்கப்பட்டது டாஃபே நிறுவனம். அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வகை இன்ஜின்களைச் சென்னையிலேயே தயாரித்தது. அதனால் பழைய மேசிக்கான உதிரிப்பாகங்கள் இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும் என்ற நிலை இல்லை. ஆனால், "எல்லாம் ஒன்றுதான், போடலாம்" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிடக் கூடாது. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய், எண்ணையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு வகை, ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதி ஆகும் குபோத்தா, யன்மார், இசேக்கி போன்ற சிறிய டிராக்டர்கள். உடம்பு சின்னது, செம்பனை நிரைகளுக்குள் எளிதாகத் திரும்பும், டீசலும் குறைவு. நான்கு சக்கரமும் இழுக்கும் வகையாக இருந்தால் மழைக்காலச் சேற்றில் அதன் அருமை தெரியும். சிக்கல் உதிரிப்பாகத்தில் இருக்கிறது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்றே செய்யப்பட்ட மாடல்கள் உண்டு. டேஷ்போர்டில் ஜப்பானிய எழுத்து மட்டும் இருந்தால் அது அப்படிப்பட்டதாக இருக்கலாம். பேர் அதேதான் என்றாலும், இங்கே விற்ற மாடலின் பாகம் அதற்குப் பொருந்தாமல் போகும். விலை பேசும் முன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பகாவ் அல்லது சிரம்பான் உதிரிப்பாகக் கடைகளில் கிளட்ச் தட்டு, எண்ணெய் வடிகட்டி, தண்ணீர் பம்ப் ஆகிய மூன்றும் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றும் இல்லை என்றால் அந்த வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

பொதுவாகச் சொன்னால், சமதரையில் சின்ன டிரேலர் இழுக்க 25, 30 குதிரைத்திறன் போதும். மேடு பள்ளமான நிலத்தில் பாரம் ஏற்றி இழுக்க 45 குதிரைத்திறனும், அதைவிட முக்கியமாக வண்டியின் எடையும் நல்ல பிரேக்கும் வேண்டும். இழுக்க முடிகிற பாரத்தையெல்லாம் இறக்கத்தில் பிடித்து நிறுத்த முடியும் என்று நினைத்துவிடக் கூடாது.

வண்டியைப் பார்க்கும் நாள்

விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வைக்க வேண்டும்: "நாங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." போனவுடன் இன்ஜின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டியை முன்பே ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கலாம். கோபப்பட வேண்டியதில்லை. இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் இன்ஜினுக்குச் சாதாரணம். தே தாரேக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், பிளாக்கே விரிசல் விட்டிருக்கலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே அந்த மூடியைத் திறக்க வேண்டும் என்பதை ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கூட வரும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கலாம்.

அடுத்து புகை. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. பாரம் இழுக்கும்போது கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைப்போ இன்ஜெக்டர் கோளாறோ இருக்கும். இது பெரும்பாலும் கைக்கு அடங்கும் செலவு. நீலப் புகைதான் கவலைக்குரியது. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால் இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். அங்கிருந்து ரயில் இன்ஜின் மாதிரி புகை குப்குப்பென்று தள்ளினால் இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யும் நாள் தூரத்தில் இல்லை.

மணி மீட்டரை நம்ப வேண்டாம். அது அறுந்திருக்கும், மாற்றப்பட்டிருக்கும். தேய்ந்த இடங்கள் உண்மையைச் சொல்லும். கிளட்ச் பெடல் வழவழவென்று தேய்ந்து பளபளக்கிறதா, டிரேலர் கொக்கி மாட்டும் துளை முட்டை வடிவத்துக்கு நீண்டுவிட்டதா, ஸ்டீயரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பாருங்கள். மீட்டரில் 2,000 மணி என்று காட்டி, கொக்கித் துளை இரண்டு விரல் அகலம் கூடியிருந்தால் எதை நம்புவது என்பது தெரிந்ததே. புதுச் சாயமும் அப்படித்தான். பளிச்சென்று சிவப்புச் சாயம் அடித்த வண்டியில் இன்ஜின் பிளாக், கியர்பெட்டி மூட்டுகள், முன் அச்சு ஆகிய இடங்களில் சாயத்துக்கு அடியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஹைட்ராலிக்கைச் சோதிக்க ஏதாவது கனமான கருவியை மாட்டித் தூக்கிப் பாருங்கள். நடுங்காமல் ஒரே சீராகத் தூக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திய பிறகு மெதுவாக இறங்குவது பழைய வண்டியில் சகஜம். பிடி இல்லாமல் சர்ரென்று விழுந்தால் உள்ளே சீல் போய்விட்டது.

கியர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்ட வேண்டும். பாரத்தோடு மேடு ஏறும்போதோ இறங்கும்போதோ கியர் தானாக வெளியே துள்ளினால் அந்த வண்டி நமக்கு வேண்டாம். மேசி 135இல் இரட்டைக் கிளட்ச் உள்ள வகை உண்டு. பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு சுழன்றுகொண்டே இருக்கும், முழுதாக மிதித்தால் அதுவும் நிற்கும். புல் வெட்டும் வேலைக்கு இது அவசியம். இரண்டு நிலையும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். இந்தக் கிளட்சை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிளக்க வேண்டும், கூலி சும்மா இல்லை.

பிரேக்கை வலது தனியாக, இடது தனியாக, பிறகு இரண்டையும் கொக்கியால் சேர்த்து மிதித்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் இறக்கத்தில் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பின் அச்சு சீல் கசிந்து பிரேக்குக்குள் எண்ணெய் போயிருப்பது பழைய வண்டிகளில் அடிக்கடி காணும் நோய். பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் காரணம் அதுவாக இருக்கும்.

டயரைச் சிலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பெரிய பின்டயர்கள் இரண்டையும் மாற்றுவது மலிவான வேலை இல்லை. பட்டையின் உயரத்தோடு, பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்றும், எடைக்காகத் தண்ணீர் நிரப்பிய டயரானால் காற்று வால்வைச் சுற்றி ரிம் துருப்பிடித்து அரித்திருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

இவ்வளவையும் தனியாளாகப் பார்க்க முடியாதவர்கள், விற்பவருக்கு உறவோ நண்பரோ இல்லாத ஒரு போமனுக்கு நூறு இருநூறு ரிங்கிட் கொடுத்துக் கூட்டிப் போகலாம். பல ஆயிரம் ரிங்கிட் செலவழிக்கும் இடத்தில் இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

உயிரோடு சம்பந்தப்பட்டவை

மேசி 135 காலத்து வண்டிகள் பலவற்றில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. தோட்ட வேலையில் டிராக்டர் கவிழ்வதுதான் உலகெங்கும் அதிக உயிர்களைப் பறித்த விபத்து வகை. சுவீடன் 1959லேயே புது டிராக்டர்களுக்கு இந்தச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே இத்தகைய மரணங்கள் பெருமளவு குறைந்தன. கோலா பிலா நிலம் தட்டுத் தட்டாக வெட்டிய மேட்டு நிலம். இங்கே சட்டம் உள்ள வண்டிக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது நியாயமே. பட்டறையில் தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்டிங் செய்து கொடுப்பதை அதோடு சேர்த்து எண்ண முடியாது. நிழலுக்குக் கூரை போட அது ஆகும், கவிழ்ந்தால் நசுங்கிவிடும். அந்த மாடலுக்கென்று செய்த சட்டம் கிடைத்தால் மாட்டிக்கொள்ள வேண்டும். சட்டம் உள்ள வண்டியில் இருக்கைப் பட்டி கட்ட வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் கட்டக் கூடாது, குதிக்கக்கூட முடியாமல் போய்விடும்.

சேற்றில் சிக்கிய மரத்தையோ லோரியையோ இழுக்கும்போது சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே, மேல் முனையில் மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாகப் புரளும். அதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது. அனுபவமுள்ள ஓட்டுநர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழல்கிறது. விநாடிக்கு ஒன்பது சுற்று. சாரோங் நுனியோ துப்பட்டாவோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. பிளாஸ்டிக் மூடி இல்லாத தண்டோடு வண்டி விற்கப்பட்டால், முதல் செலவாக அந்த மூடியை வாங்கி மாட்டுங்கள்.

இன்னொன்று ஸ்டார்ட்டர். பழைய மேசியில் கியர் நடுநிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். அது பழுதானதும் பல பேர் அதைத் துண்டித்துவிட்டு, பக்கத்தில் நின்று ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டார்ட்டரைத் தொட்டு இன்ஜினை உயிர்ப்பிப்பார்கள். கியரில் இருந்தால் வண்டி நின்றவர் மீதே ஏறும். விற்பவர் அப்படி ஸ்டார்ட் செய்து காட்டினால் அந்தப் பழுதைச் சரிசெய்து கொடுத்த பிறகே வாங்க வேண்டும்.

மட்கார்டு மீது பேரப்பிள்ளையை உட்கார வைத்து ஓட்டுவதைப் பற்றி நம்மவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் போதாது.

கிரான், லெசென்

தோட்டத்துக்குள்ளேயே ஓடிய டிராக்டர்களில் பலவற்றுக்குப் பதிவு எண்ணே இருக்காது, இருந்தாலும் கிரான் எங்கேயோ தொலைந்திருக்கும். தனியார் நிலத்துக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் ஒரு கதை. பொதுச் சாலையைக் குறுக்கே கடந்தாலும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு, சாலை வரி, காப்புறுதி எல்லாம் வேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதி இல்லாத வண்டிக்காரர் சொந்தக் கையிலிருந்து கொடுக்க நேரிடும். சக்கர டிராக்டரை ஓட்ட, 5,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்கு எப் வகை லெசென் தேவை. கார் லெசென் மட்டும் வைத்திருந்தால் போதாது.

கிரானில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேஸி எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அது ஜேபிஜே பதிவில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் மாற்றும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காமல் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பது நல்லது. கிரான் இல்லாத வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பதும் நினைவிருக்கட்டும். கடன் தேடுவோர் அக்ரோபேங்க், இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் நேஷனலின் ஸ்புமி திட்டம் ஆகியவற்றில் விசாரிக்கலாம். பழைய இயந்திரத்துக்குக் கொடுப்பார்களா, எத்தனை வயதுவரை ஏற்பார்கள் என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டி முதலை பக்கம் போவதைவிட, ஓராண்டு வாடகை வண்டியில் ஓட்டிப் பணம் சேர்ப்பது மேல்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே போட்டுவிடாமல் ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைக்க வேண்டும். வாங்கிய முதல் ஆறு மாதத்தில்தான் பழைய வண்டி தன் மறைந்த நோய்களையெல்லாம் காட்டும்.

பேரம் முடிந்ததும் வண்டியைப் புக்கிட் பூத்துஸ் மலைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வர ஆசைப்பட வேண்டாம். தாழ்வான லோரி ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஏற்றி வருவதே நல்லது. வீடு சேர்ந்ததும் வேலைக்கு இறக்கும் முன் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், டீசல் வடிகட்டி, காற்று வடிகட்டி எல்லாவற்றையும் மாற்றி, கிரீஸ் முனைகள் அனைத்திலும் கிரீஸ் அடித்து, அந்தத் தேதியையும் மணி மீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆயில் மாற்றத்துக்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.